இரைப்பு உள்ளவர்களுக்கு வீட்டு நடைப் பயிற்சி: தொடங்குவது எப்படி?

நடந்தால் இரைக்கிறது என்று சிஓபிடி (மூச்சுக் குழாய்கள் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) உள்ளவர்கள் நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். உட்கார உட்காரத் தொடைத் தசை மெலிகிறது. மெலிந்த தசையோ அதே வேலைக்கு இன்னும் அதிகமாக மூச்சு வாங்க வைக்கிறது. அப்புறம் குளித்துவிட்டு வருவதே பெரும்பாடாகிவிடும். இதை மாற்றத்தான் மூச்சு, நடை, தசைப் பயிற்சிகள் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. இதனால் கெட்ட நுரையீரல் சரியாகாது, ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் சோதனை) எண்ணும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். தேறுவது கால்தான். கால் தேறினாலே இரைப்பு குறையும்.

முதலில் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள் தாமாகத் தொடங்கவே கூடாது. வராந்தாவில் 6 நிமிடம் நடக்கவிட்டு, கடந்த தூரத்தையும் ஆக்சிஜனையும் அளப்பார்கள். எந்த வேகத்தில் தொடங்கலாம் என்பது அதிலிருந்து தெரியும்.

படி 1: மூச்சை விடுவது

இழுப்பதில் அல்ல, விடுவதில்தான் சிக்கல். பழைய காற்று முழுசாக வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுவதால் புதுக் காற்றுக்கு இடமில்லை. தோளைத் தளர்த்தி உட்காருங்கள். வாயை மூடி, மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுங்கள். பிறகு சூடான காபியை ஊதுவது போல உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். கன்னம் உப்பினால் அழுத்தி ஊதுகிறீர்கள் என்று அர்த்தம், அது வேண்டாம். இரைக்காத நேரத்தில் பழகினால்தான் இரைக்கும்போது கைகொடுக்கும்.

படி 2: நடை

நடைக்கு முன் இன்ஹேலர் எடுக்கச் சொல்லியிருந்தால் 10, 15 நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். இரைப்புக்கு 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். 3, 4 வரும் வேகம்தான் சரியான வேகம். அதாவது இரைக்கும், ஆனால் பேச முடியும். துளியும் இரைக்காத நடையால் பலன் குறைவு, இதை வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் "போதும் உட்காருங்கப்பா" என்று பாதியிலேயே உட்கார வைத்துவிடுவார்கள்! இரண்டு நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் நின்று, மறுபடி நடக்கலாம். அதிகமாக இரைத்தால் சுவரில் கையூன்றி, லேசாக முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து ஊதுங்கள்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) இருந்தால் நெயில் பாலிஷ், மருதாணி இல்லாத விரலில் மாட்டுங்கள். ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நில்லுங்கள். மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

படி 3: நாற்காலி

கைப்பிடிக்காமல் எழுந்து உட்காருங்கள். எழும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. ஐந்து முறையில் தொடங்குங்கள்.

படி 4: கை

கொடியில் துணி காயப்போடும்போது ஏன் அப்படி இரைக்கிறது? மூச்சுக்குக் கைகொடுக்கும் தோள், கழுத்துத் தசைகள் அப்போது கையைத் தூக்கிப் பிடிப்பதில் மாட்டிக்கொள்கின்றன. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மூச்சை விட்டபடி கையைத் தோள் உயரம் வரை தூக்கி இறக்குங்கள்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு, உதடு நீலம் பாய்தல் என எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி தேடுங்கள்.

மருத்துவமனைகளில் இந்த மறுவாழ்வுப் பயிற்சி பொதுவாக வாரம் இரண்டு மூன்று நாள் என 6 முதல் 12 வாரம் நடக்கும். நிறுத்தினால் பலனும் போய்விடும். சளி முற்றிப் படுத்து எழுந்தால், பழைய வேகத்துக்குப் பாயாமல் மருத்துவரைக் கேட்டு, குறைவான நிமிடங்களில் மறுபடி தொடங்குங்கள்.