ரீஸ்டார்ட்டில் உறைந்த சர்வீஸ்

மெய்நிகர் கணினியில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் அப்படியே நின்றுவிடும். சிபியூ சும்மா இருக்கும், லாகில் ஒரு வரி வராது. எஸ்-டிரேஸ் (நிரல் இயங்குதளத்திடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தால், ரேண்டம் பைட்டுகள் தரும் டெவ்-ரேண்டம் கோப்பில் ரீட் அழைப்பு திரும்பாமல் காத்துக்கிடக்கிறது.

அங்கே ஓடுவது லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), பதிப்பு 4.9. 5.6-க்கு முந்தைய பதிப்புகளில், என்ட்ரோபி (சேர்த்துவைத்த கணிக்கமுடியாத தன்மை) கணக்கு குறைந்தால் அந்தக் கோப்பு வாசிப்பவரை நிறுத்திவைக்கும். அந்தக் கணக்கே ஒரு தோராயம்தான். அதற்கு இவ்வளவு பிடிவாதம்!

நிறுத்திவைக்காத இன்னொரு கோப்பான யூ-ரேண்டமுக்கு மாறலாம். ஆனால் பூட் ஆன புதிதில், போதுமான விதை (ரேண்டம் பைட்டுகளை உருவாக்கத் தேவையான தொடக்கத் தரவு) சேரும் முன்பே அது பைட்டுகளைக் கொடுத்துவிடும். குறியாக்கச் சாவி உருவாக்க அது சரிவராது.

அதனால், கோப்பு இல்லாமல் கெர்னலிடமே ரேண்டம் பைட்டுகள் கேட்கும் கெட்-ரேண்டம் அழைப்பை ஃபிளாக் 0-வுடன் வைத்தேன். விதை சேரும்வரை மட்டும் காத்திருக்கும், அப்புறம் நிற்காது. 256 பைட்டுக்கு மேல் கேட்டால் மட்டும், வந்த அளவைச் சரிபார்த்து மீதியை மறுபடி கேட்க வேண்டும்.