பெல்லட் உள்ளே போக மறுக்கிறதா? முதலில் கையை எடுங்கள்

போன ஞாயிறு குன்னூர் வீட்டு மாடியில் அக்கா மகன் ஏர் ரைஃபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். "மாமா, மூடவே மாட்டேங்குது." எப்படி மூடும்? உள்ளே போடும் சின்ன ஈயக் குண்டு, அதுதான் பெல்லட், பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவன் பேரலை, அதாவது குழலை, ஓங்கி அடித்து மூடப் பார்த்ததில் பெல்லட்டின் விளிம்பு நசுங்கி, ஒரு பக்கம் நாக்குபோல மடிந்து கிடந்தது.

புதிதாகச் சுடப் பழகுகிற எல்லாரும் செய்கிற தப்பு இது. போகவில்லை என்றால் பலம் போடுவது. பெல்லட் தடுக்கிற இடத்திலேயே கோளாறு என்ன என்று தெரிந்துவிடும். அழுத்தி நசுக்கிவிட்டால் அந்தத் தடயமும் போச்சு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரைஃபிள் தோட்டாவுக்கு வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். உரிமம் இல்லாமல் அதைச் செய்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் மாட்டுவீர்கள். மருந்து வேலையை அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி பார்த்துக்கொள்ளட்டும். நமக்குக் காற்றும் ஈயமும் போதும்.

முதலில், கோளாறு பெல்லட்டிலா துப்பாக்கியிலா?

முனையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் பேரலை மடக்குங்கள். மடக்கிய பேரலை ஒரு கை கடைசிவரை விடக்கூடாது. ஸ்பிரிங் கழன்று பேரல் திரும்பி அடித்தால் பிரீச்சில், அதாவது பெல்லட் போடும் பின்வாயில், இருக்கும் கட்டைவிரல் மிஞ்சாது.

இப்போது அதே டப்பாவிலிருந்து வேறு மூன்று பெல்லட்டை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். தலை முன்னால், குழிவான பக்கம் நம் பக்கம். லேசாக அழுத்தினாலே விளிம்பு பிரீச் வாயோடு சமமாக உட்கார வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் மறுத்தால் அந்த பெல்லட்தான் சரியில்லை. மூன்றுமே மறுத்தால் டப்பாவை, அல்லது பேரலைச் சந்தேகப்படலாம்.

பெல்லட்டைப் பாருங்கள்

டப்பா மேல் என்ன எழுதியிருக்கிறது? 0.177 என்றால் 4.5 மில்லிமீட்டர், 0.22 என்றால் 5.5. மாற்றி வாங்கிவந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதோடு முடியவில்லை. 4.5 வகையிலேயே தலையின் அளவை 4.49, 4.50, 4.51, 4.52 என்று தனித்தனியாகப் போட்டு விற்கிறார்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பேரலுக்கு அது தெரியும்.

அடுத்து விளிம்பு. பெல்லட் இடுப்பு ஒடுங்கி, கீழே பாவாடைபோல விரிந்திருக்கும். அந்தப் பாவாடை மிக மெல்லிய ஈயம்; சுடும்போது காற்றழுத்தத்தில் விரிந்து பேரலை அடைத்துக்கொள்வதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். டப்பா கீழே விழுந்தாலோ, மலைப்பாதை பஸ்ஸில் குலுங்கினாலோ முதலில் நெளிவது அதுதான். ஒரு கண்ணாடித் துண்டைச் சற்றே சாய்த்து வைத்து பெல்லட்டுகளை உருட்டிவிடுங்கள். நல்லது வில்போல வளைந்து ஒரே சீராக ஓடும். நெளிந்தது தத்தித் தத்திப் போகும், சில சமயம் நடுவழியில் நின்றே விடும். தத்துவதைத் தனியாகப் போடுங்கள். நிமிர்த்திப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பிறகு வெள்ளைப் பொடி. இது நம் ஊர்ப் பிரச்சினை. ஈரம் பட்டால் ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரையும் கோத்தகிரியையும் மழையும் மூடுபனியும் விடாது. ஒருமுறை நான் அதிபுத்திசாலியாக பெல்லட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் முழுக்கக் காயாமலேயே டப்பாவில் போட்டு மூடினேன். அடுத்த வாரம் திறந்தால் திருநீறு பூசியதுபோல இருந்தது. அந்தப் பொடி விஷம். ஊதாதீர்கள், அப்படியே டப்பாவோடு ஒதுக்குங்கள். காய வைக்கிறேன் என்று சமையலறைத் தட்டில் கொட்டவும் வேண்டாம்.

பேரலைப் பாருங்கள்

முன்னால் போட்ட பெல்லட் சுடப்படாமல் உள்ளேயே இருக்கலாம். சிலிண்டரில் காற்று அடைத்த வகையில் இது அடிக்கடி நடக்கும். பெல்லட்டை உள்ளே செலுத்தும் போல்ட்டைத் தள்ளிவிட்டு, போட்டோமா இல்லையா என்று மறந்து மறுபடி ஒன்றைப் போடுவோம். மடக்கும் வகை என்றால் பேரல் முனைக்கு நேரே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பிரீச் பக்கமிருந்து பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். முனைப் பக்கம் கண்ணை வைக்கிற பழக்கமே வரக்கூடாது.

சிக்கியிருந்தால் பித்தளை அல்லது மரக் குச்சியால் முனையிலிருந்து பிரீச் பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி கூடாது, உள்ளே இருக்கும் சுழல் வரிகளைக் கீறிவிடும். இன்னொன்றைச் சுட்டு இதை வெளியேற்றலாம் என்ற யோசனை வந்தால் துப்பாக்கியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். அதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் பட்ட கையோடு வர்க்கியை எடுக்க வேண்டாம்.

வெளிச்சம் தெரிந்தும் எல்லா பெல்லட்டும் ஒரே இடத்தில் தடுத்தால் பிரீச் வாயில் ஈயம் படிந்திருக்கும். உலர்ந்த பஞ்சுத் திரியை நாலைந்து தடவை விட்டு எடுங்கள். கறுப்பாக வருவது குறையும்வரை. அதற்கும் சரிவரவில்லை என்றால் பிரீச்சைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். எண்ணெய் குடித்து ஊதியிருந்தால் பேரல் மூடாது. பழி பெல்லட் மேல் விழும். வளையம் மாற்றுவது தெரிந்தவர் வேலை.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சில் கொஞ்சம் கறுப்பு வந்தது, ஆனாலும் பெல்லட் உட்காரவில்லை. டப்பாவைத் திருப்பினேன். 4.52. இதுவரை அவன் சுட்டது 4.50. என் பழைய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வைத்ததும் விரல் பட்டதுமே உள்ளே போய் உட்கார்ந்தது. அவன் வாங்கிய டப்பா இப்போது என் அலமாரியில் இருக்கிறது. சற்று அகலமான பேரல் யாரிடமாவது இருந்தால் வாங்கிக்கொண்டு போகலாம்.