மார்பு ஆபரேஷனுக்குப் பின் துணி மார்பு: வீட்டிலேயே தைக்கும் முறை

திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒரு மார்பை அகற்றிக்கொண்டு களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் திரும்புகிறவர்கள் உடனே சிலிக்கோன் செயற்கை மார்புக்குப் பணம் போட வேண்டாம். காயம் ஆற ஆறேழு வாரமாவது பிடிக்கும். அதுவரை எடையில்லாத துணி மார்பு போதும். அதையும் காயத்து நீர் வடிய வைத்த ட்யூபை எடுத்து, டாக்டர் சரி என்ற பிறகே வையுங்கள். எதுவும் வைக்காமல் இருப்பதுதான் உங்களுக்கு இதம் என்றால் தாராளமாக அப்படியே இருக்கலாம். ஊருக்காக வைக்க வேண்டியதில்லை.

பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி நேரியல் (மேல்துண்டு) நல்ல துணி. புதுத்துணியின் கஞ்சி தழும்பை உரசும். உள்ளே தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு. இலவம்பஞ்சு நாளடைவில் கட்டிதட்டும்.

பிரா போட்டுக்கொண்டு, மறு மார்பின் உள்விளிம்பிலிருந்து காம்பு வழியாக அக்குள் விளிம்பு வரை டேப் வையுங்கள். 18 செ.மீ. என்றால் முன்துண்டு 20 செ.மீ. குறுக்களவுள்ள வட்டம், பின்துண்டு 16. முன்துண்டின் கீழ்ப்பாதி ஓரத்தில் மட்டும் நூலோட்டிச் சுருக்குங்கள். சுற்றிலும் சுருக்கினால் பந்துபோல் நிற்கும். கீழே மட்டும் சுருக்கினால் இயல்பாகச் சரியும். இரண்டு துண்டையும் சேர்த்து 1 செ.மீ. உள்ளே தள்ளித் தைத்து, 5 செ.மீ. வாய் விட்டுப் புரட்டி, பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அடையுங்கள். உருண்டையாகத் திணித்தால் பிளவுஸுக்கு மேலேயே மேடுபள்ளம் தெரியும்.

காயம் நன்றாக ஆறியபின் எடை. ஆபரேஷன் பக்கம் பிரா மேலேறினால் எடை போதவில்லை என்று அர்த்தம். சிறு பையில் 100 கிராம் கண்ணாடி மணி போட்டு, முன்பக்கம் அடியில் வையுங்கள். தோலுக்கும் அதற்கும் நடுவில் பஞ்சு இருக்கட்டும். பிறகு 25 கிராமாகக் கூட்டி, குனிந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் வலைக்கான ஈயக்குண்டு எளிதில் கிடைக்கும். ஈயம் நஞ்சு, வேண்டவே வேண்டாம்.

பிராவுக்குக் கம்பி கூடாது, பட்டை அகலமாக இருக்கட்டும். கப்பின் உள்ளே அக்குள் பக்கம் வாய் வைத்த துணிப்பை தைத்து, அதில் செருகுங்கள். ஊக்கு குத்தாதீர்கள்: ஆபரேஷன் செய்த இடம் மரத்திருக்கும், குத்தினாலும் தெரியாது.

அக்குளில் நெறி (நிணநீர் முடிச்சு) எடுத்திருந்தால் அந்தப் பக்கம் பிளேடும் வாக்ஸும் தவிர்த்து ட்ரிம்மர் பயன்படுத்துங்கள். சிறு கீறலில் கிருமி ஏறினால் கை வீங்கக்கூடும். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.