பழைய லாக்புக் மணிநேரம் கமர்ஷியல் லைசென்ஸுக்குச் செல்லுமா?

ஊரில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் ஐம்பது அறுபது மணி நேரம் பறந்துவிட்டு, பணம் தீர்ந்தோ வீட்டில் திட்டு விழுந்தோ பாதியில் நிறுத்தி, அப்புறம் சாஃப்ட்வேர் வேலை, அமெரிக்கா, கல்யாணம், வீட்டுக்கடன் என்று போய், இப்போது திடீரென்று மறுபடி ஆசை வந்து பீரோவில் லாக்புக்கை, அதாவது பறந்த நேரத்தைப் பதிந்த புத்தகத்தை, தேடுகிற ஆளா நீங்கள்? நானும் அதே கேஸ்தான். டெக்சஸில் கமர்ஷியல், அதாவது சம்பளத்துக்குப் பறக்க அனுமதிக்கும் லைசென்ஸ், முடித்தபோது அந்தப் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். எல்லாமே அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் விதிகளின்படி, ஒற்றை இன்ஜின் விமானத்துக்கானது.

முதல் கேள்விக்கு உடனே பதில்: செல்லும். எஃப்ஏஏ கணக்கில் பறந்த மணிநேரத்துக்குக் காலாவதி கிடையாது. 2009-ல் பறந்ததும் மணிநேரம்தான், போன வாரம் பறந்ததும் மணிநேரம்தான். வெளிநாட்டில் இன்ஸ்ட்ரக்டரோடு பறந்து பெற்ற டூயல் பயிற்சியும் செல்லும், 61.41 என்ற விதியைப் படித்துப் பாருங்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் உள்ள ஒரு நாடு அங்கீகரித்த இன்ஸ்ட்ரக்டர், அமெரிக்காவுக்கு வெளியே கொடுத்த பயிற்சியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியா அதில் உறுப்பு நாடு. ஆனால் அந்த இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்து 'இந்தப் பயிற்சி நடந்தது' என்பதற்கு மட்டும்தான் சாட்சி. செக்ரைடுக்கான, அதாவது லைசென்ஸுக்காகப் பறந்து காட்டும் தேர்வுக்கான, ஒப்புதலை இங்கே எஃப்ஏஏ இன்ஸ்ட்ரக்டர்தான் தர வேண்டும்.

எல்லாரும் தப்பு செய்கிற இடம் இதற்கு அடுத்ததுதான். 'மொத்தம் 250 மணி வேண்டும், என்னிடம் 200 இருக்கிறது, இன்னும் 50 பறந்தால் முடிந்தது' என்று கணக்குப் போடுவார்கள். நானும் போட்டேன். 61.129 விதியில் 250 என்பது வெளிச் சட்டிதான், அதற்குள் நிறைய கிண்ணங்கள் இருக்கின்றன. சட்டி நிறைந்து கிண்ணம் காலியாக இருந்தால் எக்ஸாமினர் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் பழைய புத்தகத்தை எடுத்து, வரி வரியாக, ஒவ்வொரு பறத்தலும் எந்தெந்தக் கிண்ணத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே மணிநேரம் இரண்டு மூன்று கிண்ணத்தில் விழலாம், எதிலும் விழாமல் மொத்தத்தில் மட்டும் சேரவும் செய்யலாம்.

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். இந்திய லாக்புக்கில் நேரம் மணி, நிமிடத்தில் இருக்கும், இங்கே தசமத்தில் எழுதுவார்கள். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத் தசமமாக்கி முழுமையாக்காதீர்கள். 0:45 என்பது 0.75, அதை 0.8 என்று எழுதி நாற்பது வரி கூட்டினால் பறக்காத இரண்டு மணி நேரம் முளைத்துவிடும். முதலில் நிமிடத்திலேயே கூட்டுங்கள், கடைசியில் ஒரே ஒரு தடவை மாற்றுங்கள். என் பழைய புத்தகத்தில் மொத்தம் 62:35. அதில் டூயல் 47:10, தனியாகப் பறந்த சோலோ 15:25. தசமத்தில் 62.6, அதில் சோலோ 15.4.

இப்போது கிண்ணங்கள். பிஐசி, அதாவது விமானத்தின் பொறுப்பு விமானியாகப் பறந்த நேரம், 100 மணி வேண்டும்; அதில் 50 ஏரோபிளேனில் (கிளைடரோ ஹெலிகாப்டரோ அல்ல) இருக்க வேண்டும். மாணவராக இருந்தபோது தனியாகப் பறந்தது பிஐசியில் சேரும். கமர்ஷியலுக்கு முந்தைய படியான பிரைவேட் லைசென்ஸ் வாங்குவதற்கு முன்னால் இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தது சேராது, மொத்தத்தில் மட்டும் சேரும். ஆக, என் 62.6-ல் பிஐசிக்குப் போனது 15.4தான். பிரைவேட் வாங்கிய பிறகு கதை வேறு. உங்களுக்கு உரிமை உள்ள வகை விமானத்தில் கட்டுப்பாடு உங்கள் கையில் மட்டும் இருந்த நேரத்தை, பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தாலும், டூயல் என்றும் பிஐசி என்றும் இரண்டு பத்தியிலும் எழுதலாம். பலபேர் இதை எழுதாமல் விட்டிருப்பார்கள். என் அமெரிக்க லாக்புக்கில் இப்படி விட்டுப்போன 11 மணி நேரம் இந்தச் சல்லடையில்தான் கிடைத்தது. சும்மா இல்லை, ஒரு மணி நேர வாடகை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

என்சிசியில் கிளைடர் ஓட்டியவர்கள் அதைக் குப்பையில் போட வேண்டாம். மொத்தத்தில் 100 மணிதான் இன்ஜின் உள்ள விமானத்தில் கட்டாயம், அதிலும் 50 ஏரோபிளேனில். கிளைடர் நேரத்துக்கு மிச்சத்தில் இடம் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிய சிமுலேட்டரைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

அதிகமாக ரத்தம் சிந்தும் இடம் கிராஸ் கன்ட்ரி. பிஐசியாக 50 மணி கிராஸ் கன்ட்ரி வேண்டும், அதில் குறைந்தது 10 ஏரோபிளேனில். எஃப்ஏஏ இந்த லைசென்ஸுக்கு எதைக் கிராஸ் கன்ட்ரி என்று எடுத்துக்கொள்கிறது தெரியுமா? கிளம்பிய இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 50 நாட்டிக்கல் மைலுக்கு மேல் தள்ளியுள்ள ஓர் இடத்தில் தரையிறங்கியிருக்க வேண்டும். நம் ஊர்ப் பயிற்சியில் 'நேவிகேஷன்' என்று எழுதிய வரிகளில் பாதி, மேலேயே வட்டமடித்துவிட்டு இறங்காமல் திரும்பியவை. சென்னையிலிருந்து புதுச்சேரி நேர்க்கோட்டில் சுமார் 65 மைல், தூரம் சரி, ஆனால் இறங்காமல் திரும்பியிருந்தால் செல்லாது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய் இறங்கியிருந்தாலும் செல்லாது, இருபத்தைந்து மைல்கூடச் சரியாக வராது. மதுரை - திருச்சி 65-ஐத் தாண்டும், இறங்கியிருந்தால் தாராளமாக எழுதுங்கள். இந்தச் சல்லடையில் போட்டபோது என் பழைய சோலோவில் தேறியது 3:20. இறங்காமல் வந்த 2:05 வெறும் சோலோவாக நின்றுவிட்டது.

அடுத்தது தனியாகவோ, இன்ஸ்ட்ரக்டரை வைத்துக்கொண்டு பிஐசியாகவோ பறக்க வேண்டிய பத்து மணி நேரக் கிண்ணம். அதில் முதலில் நீண்ட பயணம். மொத்தம் 300 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாமல், மூன்று இடங்களில் இறங்கி, அதில் ஓர் இடம் கிளம்பிய இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 250 மைலாவது தள்ளி இருக்க வேண்டும். மாணவராகச் செய்த பழைய சோலோ பயணம் இதற்குக் கிட்டத்தில்கூட வராது. நான் டல்லாஸ் பக்கத்து அடிசனிலிருந்து அபிலீன், அங்கிருந்து மிட்லண்ட், திரும்பி அடிசன் என்று பறந்தேன். மிட்லண்ட் நேர்க்கோட்டில் 280 மைல் பக்கம் வரும். இதற்கு முந்தைய வருடமே இதே மாதிரி ஒரு பயணம் போயிருந்தேன், நண்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பிரிஸ்கெட் சாப்பிடுவதற்காக. அது செல்லவில்லை. இந்தக் கிண்ணத்துக்கு ஒன்று தனியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் இன்ஸ்ட்ரக்டரை வைத்துக்கொண்டு பிஐசி வேலையை நீங்கள் செய்ய வேண்டும். பயணி இருக்கக் கூடாது. அந்தப் பிரிஸ்கெட் பயணம் 50 மணி கிராஸ் கன்ட்ரியில் சேர்ந்தது, அந்த மட்டில் மகிழ்ச்சி.

இரவுப் பறத்தலும் அதே பத்து மணி நேரக் கிண்ணத்துக்குள் வருகிறது: 5 மணி நேரம், 10 டேக்ஆஃப், 10 லேண்டிங், எல்லாம் கன்ட்ரோல் டவர் இயங்கிக்கொண்டிருக்கும் ஏர்போர்ட்டில், ஒவ்வொரு லேண்டிங்குக்கும் ஒரு முறை சர்க்யூட், அதாவது ஏர்போர்ட்டைச் சுற்றிய வட்டப்பாதை, சுற்றி வந்து. பழைய புத்தகத்தில் இரவு லேண்டிங் இருந்தால் டவர் இருந்ததா, பக்கத்தில் யார் இருந்தார் என்று பாருங்கள். அநேகமாகத் தேறாது, புதிதாகவே செய்துவிடுங்கள், ஒரு நல்ல ராத்திரி போதும், இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பயிற்சி 20 மணி என்று இன்னொரு கிண்ணம். அதில் 10 மணி இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது. 10 மணி, சக்கரம் மடங்குகிற காம்ப்ளெக்ஸ் விமானத்திலோ, டர்பைனிலோ, திரை, நகரும் வரைபடம், ஆட்டோபைலட் உள்ள நவீன விமானத்திலோ. இந்த மூன்றாவது வழி 2018-ல்தான் வந்தது. பழைய காம்ப்ளெக்ஸ் விமானத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிறகு பகலில் ஒன்று, இரவில் ஒன்று என 2 மணி நேர டூயல் பயணம், இரண்டிலும் 100 மைலுக்கு மேல் தள்ளிப் போக வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வாங்கியவர்களுக்கு அந்த 10 மணி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், ஆனால் லாக்புக் வரியில் என்ன செய்தோம் என்று எழுதியிருக்க வேண்டும். கருவி இழந்த நிலையில் பறத்தல், தாறுமாறான நிலையிலிருந்து மீட்டல், சிக்னலைப் பிடித்துத் தொடர்தல் இதெல்லாம் வார்த்தையாக இருக்க வேண்டும். வெறுமனே 'இன்ஸ்ட்ருமென்ட் 1.4' என்றிருந்தால், அந்த இன்ஸ்ட்ரக்டர் இன்னும் பக்கத்தில் இருக்கும்போதே போய் விவரம் எழுதி வாங்கிவிடுங்கள். பிரைவேட் பயிற்சி நேரத்தை இந்த 20-க்குள் திணிக்கப் பார்க்காதீர்கள்; இது கமர்ஷியல் பாடத்துக்கான பயிற்சி.

மணிநேரம் காலாவதியாகாது என்றேன். மற்றவை ஆகும். எழுத்துத் தேர்வு முடிவு 24 காலண்டர் மாதம் செல்லும். செக்ரைடுக்குத் தயார் செய்யும் 3 மணி நேரப் பயிற்சி, தேர்வு மாதத்துக்கு முந்தைய இரண்டு காலண்டர் மாதங்களுக்குள் இருக்க வேண்டும். பழைய மணிநேரம் குவிந்திருக்கிறது என்ற தைரியத்தில் இந்த இரண்டையும் கோட்டை விடுபவர்கள் உண்டு.

எந்தப் பள்ளியில் சேர்கிறீர்கள் என்பதும் முக்கியம். பார்ட் 61 வழியில் மேலே சொன்ன கணக்குதான். எஃப்ஏஏ அங்கீகரித்த பாடத்திட்டத்தில் நடக்கும் பார்ட் 141 பள்ளியில் 190 மணி போதும் என்று விளம்பரம் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அங்கே பழைய அனுபவத்துக்குக் கிடைக்கும் சலுகைக்கு உச்சவரம்பு உண்டு: வேறொரு 141 பாடத்திட்டத்தில் படித்திருந்தால் புதிய பாடத்தில் 50 சதவீதம் வரை, வேறு வழியில் வந்திருந்தால் 25 சதவீதம் வரை. அதுவும் அவர்கள் வைக்கும் தேர்வைப் பொறுத்துத்தான். கையில் நூறு மணிக்கு மேல் இருப்பவருக்கு என் பார்வையில் 61தான் லாபம். மாணவர் விசாவில் வருபவருக்கு எந்த வழி என்ற முடிவு பெரும்பாலும் அவர் கையில் இருக்காது.

சரி, காகிதம். என் பழைய புத்தகத்தில் மூன்று பக்கங்களில் கையெழுத்தே இல்லை. கிளப்புக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. மறுபடி போட்டேன். கடைசியில் ஊரில் இருந்த மச்சான் நேரில் போய் நின்று, அங்கிருந்த ஃப்ளைட் ஆத்தரைசேஷன் ரிஜிஸ்டரைப் பார்த்து, தேதியும் விமானப் பதிவெண்ணும் நேரமும் சரிபார்த்துச் சான்று வாங்கி வந்தான். நாலு மாசம் ஆனது. உங்களிடமும் ஓட்டை இருந்தால் இன்றைக்கே ஆரம்பியுங்கள். புத்தகமே தொலைந்தவர்களுக்கும் வழி உண்டு: பழைய வாடகை ரசீதுகள், விமானத்தின் லாக், முன்பு மெடிக்கலுக்கோ லைசென்ஸுக்கோ விண்ணப்பித்தபோது எழுதிய மொத்த மணிநேரம், இவற்றை வைத்துக் கணக்கைத் திரும்பக் கட்டி, கையெழுத்திட்ட வாக்குமூலம் தரலாம். நிரூபிக்க முடியாததை விட்டுவிடுங்கள். 'பார்க்கர் பேனா மணிநேரம்' என்று விமானிகள் கிண்டலடிக்கும் சரக்கைச் சேர்த்தால், பொய்ப் பதிவுக்கான 61.59 விதியில் இருக்கும் லைசென்ஸும் போகும்.

இங்கே வாங்கி இந்தியாவுக்குத் திரும்புகிற எண்ணம் இருந்தால் அது தனிக் கணக்கு. நான் அங்கே படித்தபோது இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ கேட்டது 200 மணி, அதுவும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள். இங்கே பொன்னாக இருக்கும் 62.6 அங்கே செல்லாக்காசாகலாம். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் விதி என்ன சொல்கிறது என்று டிஜிசிஏ தளத்தில் பார்த்துவிட்டே திட்டம் போடுங்கள்.

என் இறுதிக் கணக்கு: பழையது 62.6, இங்கே பறந்தது 141.0, மொத்தம் 203.6, பாக்கி 46.4. பிஐசி நூறைத் தாண்டிவிட்டது. கிராஸ் கன்ட்ரி 34.5, பாக்கி 15.5. அந்த 46.4-க்குள்ளேயே 15.5 கிராஸ் கன்ட்ரி, மிட்லண்ட் பயணம், இரவு லேண்டிங், நவீன விமானத்தில் 10 மணி எல்லாம் அடங்குகிற மாதிரி இன்ஸ்ட்ரக்டரோடு உட்கார்ந்து ஒரே காகிதத்தில் அட்டவணை போட்டோம். ஒரு பறத்தல்கூட வீணாகவில்லை.

செக்ரைடுக்கு முந்தின இரவு ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு நிறத்தில் ஸ்டிக்கி ஒட்டி, ஆன்லைன் விண்ணப்பத்தில் போட்ட எண்ணும் ஸ்டிக்கியில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று மனைவியைப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். ஓர் இடத்தில் 0.3 இடித்தது, அப்போதே திருத்தினோம். மறுநாள் எக்ஸாமினர் அமெரிக்கப் புத்தகத்தை இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டார். அட்டை பிய்ந்த இந்தியப் புத்தகத்தைத்தான் கால் மணி நேரம் புரட்டினார், மச்சான் வாங்கி வந்த சான்றை இரண்டு தடவை படித்தார், அப்புறம் நிமிர்ந்து வானிலை என்ன சொல்கிறது என்று கேட்டார்.