கழிப்பறைப் பழக்கம்: குழந்தை தயாரா என்று முதலில் பாருங்கள்

பெரும்பாலான குழந்தைகள் 18 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தயாராகிவிடுவார்கள். டயப்பர் 2 மணி நேரம் நனையாமல் இருக்கிறதா? ஜட்டியைத் தானே இறக்கத் தெரிகிறதா? ‘ஆய் வருது’ என்று சொல்கிறதா, அல்லது கதவுக்குப் பின்னால் போய் ஒளிகிறதா? அப்படியென்றால் தொடங்கலாம்.

குழந்தைகளுக்கான சிறிய கழிப்பறை இருக்கையில் (potty seat) உட்காரும்போது இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் குழந்தைக்கான வளையத்தோடு, காலுக்கு ஒரு முக்காலியும் போடுங்கள். கால் தொங்கினால் சரியாக முக்க முடியாது. சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள் குடல் தானாகவே அசையும். அந்த நேரம் பார்த்து உட்கார வையுங்கள். 5 நிமிடம் போதும், போன் வேண்டாம்.

பலர் வீட்டில் சிக்கல் வருவது மலச்சிக்கலால்தான். ஒருமுறை இறுகி வலித்தால் குழந்தை அடக்கப் பழகும்; அடக்க அடக்க இன்னும் இறுகும். கால்களைப் பின்னிக்கொண்டு நுனிக்காலில் விறைப்பாக நின்றால் முக்குகிறது என்று நினைப்போம். பெரும்பாலும் அது அடக்குவதுதான். அப்போது பயிற்சியை நிறுத்திவிடுங்கள். தண்ணீர், பப்பாளி, கீரை கூடட்டும். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். அப்படியும் இளகாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். நனைத்துவிட்டால் தயவுசெய்து திட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். இரவில் படுக்கை நனைவது 5 வயது வரைகூட சாதாரணம்.