எதிர்ப்புரோட்டான்களை லாரியில் கொண்டுபோவது எப்படி

எதிர்ப்புரோட்டான் என்பது புரோட்டானின் எதிர்த்துகள்; சாதாரணப் பொருளைத் தொட்டால் அழிந்துவிடும். ஜெனீவா அருகே செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் அது உருவாகும் கூடத்திலேயே அளவீடு செய்தால், அங்குள்ள இயந்திரங்களால் காந்தப்புலம் ஏறியிறங்கித் துல்லியம் கெடுகிறது. அதனால்தான் அங்கு எதிர்ப்புரோட்டான்களை அளக்கும் பேஸ் (BASE) குழு, பேஸ்-ஸ்டெப் என்ற நடமாடும் பொறியைக் கட்டியது. துகள்கள் சுவரில் படாதபடி காந்தப்புலத்தாலும் மின்புலத்தாலும் பிடித்துவைக்கும் கருவி இது. 2024 அக்டோபர் 24 அன்று ஒத்திகையாக அதில் 70 புரோட்டான்களை ஏற்றி, வளாகத்துக்குள் லாரியில் கொண்டுபோனார்கள்.

ஓர் எதிர்ப்புரோட்டான் அழிந்தால் வெளிவருவது சுமார் 3×10⁻¹⁰ ஜூல். ஆயிரம் ஒன்றாக அழிந்தாலும் யாருக்கும் காயம் வராது. ஆட்களுக்கு ஆபத்து பொறியின் காந்தத்தாலும், அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியத்தாலும்தான். திரவ ஹீலியம் ஒரு லிட்டர் ஆவியானால் 700 லிட்டருக்கு மேல் வாயுவாகி, மூடிய அறையில் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். ஆக்சிஜன் அளவி இல்லாமல் பொறியை அறைக்குள் வைக்காதீர்கள். வெளியேற்றுக் குழாயை எக்காரணத்துக்கும் அடைக்காதீர்கள். காந்தப்புலம் 0.5 மில்லிடெஸ்லாவைத் தாண்டும் எல்லைக்குள் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வரக்கூடாது. இரும்புக் கருவிகளும் வேண்டாம்.

பொறியை முதலில் பம்பால் வெற்றிடமாக்கி, பிறகு 4 கெல்வினுக்கு (சுமார் −269 °C) குளிர்விக்கவும். மிச்ச வாயு குளிர்ந்த சுவர்களில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்து மீக்கடத்திக் காந்தத்தை (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத கம்பிச் சுருள்) 1 டெஸ்லாவுக்கு ஏற்றிச் சுருளை மூடிவிட்டால், மின்னோட்டம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். துகள்களைப் பிடித்துவைக்கும் மின்முனைகளுக்கோ மின்னழுத்தம் ஒரு கணமும் விடாமல் வேண்டும், எனவே பேட்டரி கட்டாயம்.

ஒத்திகைக்குப் புரோட்டான் நல்லது, ஆனால் அதை முழுதாக நம்பிவிடக் கூடாது. புரோட்டான் வாயு அணுவில் மோதினால் அழியாது, எதிர்ப்புரோட்டான் அழிந்துவிடும். வெற்றிடம் போதுமா என்பதை, எதிர்ப்புரோட்டான்களை நின்ற இடத்திலேயே பல நாள் பிடித்துவைத்துத்தான் சோதிக்க முடியும்.

பொறியின் எடை சுமார் 1,000 கிலோ. கிரேனில் ஆடாமல் தூக்கி, லாரியில் இறுகக் கட்டவும். ஓட்டுநர் திடீர் பிரேக் போடக்கூடாது. வழியில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: காந்தம் 8.2 கெல்வினுக்குக் கீழே இருக்க வேண்டும். தாண்டினால் மீக்கடத்தல் போய்விடும், புலம் சரியும், துகள்கள் சுவரில் மோதி அழியும். 2024 ஓட்டத்தில் வெளி மின்சாரமின்றி 4 மணி நேரம் தாக்குப்பிடித்தது. துகள்களைக் கொண்டுபோக வேண்டிய ஜெர்மனியின் டூசல்டார்ஃப் பல்கலைக்கழகத்துக்கு ஓட்டமே குறைந்தது 8 மணி நேரம் என்பதால் திரவ ஹீலியம் மட்டும் போதாது. குளிர்விப்பானை ஓட்ட லாரியிலேயே ஜெனரேட்டர் வேண்டும்.

சேர்ந்ததும் முதல் வேலை குளிர்விப்பானுக்கு மின்சாரம் கொடுப்பது. பிறகு மின்முனைகளில் துகள்கள் தூண்டும் மிகச்சிறு மின்னோட்டத்தைக் கேட்டு, எத்தனை மிஞ்சின என்று பாருங்கள்; இதில் ஒன்றும் அழியாது. அதன்பிறகே அடுத்த பொறிக்கு மாற்றும் குழாயை இணைக்கவும். அதையும் வெற்றிடமாக்கிக் குளிர்வித்த பின்தான் வால்வைத் திறக்க வேண்டும்.