சொந்தமாகப் புத்தகம் போடுவது எப்படி? தட்டச்சிலிருந்து அச்சகம் வரை

பவானி ஜமுக்காளத் தறி, நொய்யல் கரைக் கோயில்கள், தாத்தா காலத்துப் பண்ணையம் என ஏதோ ஒன்றைப் பற்றி எழுதி முடித்து வைத்திருக்கிறீர்கள். பதிப்பகத்தை எதிர்பார்க்காமல் நீங்களே புத்தகமாகப் போட நினைத்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் வேலைகளின் வரிசை மாறினால் பணமும் நாளும் வீணாகும். பிழை திருத்தும் முன்பே பக்கம் கட்டிவிட்டால் (எழுத்தைப் பக்கங்களாக அமைத்துவிட்டால்), பிறகு சேரும் ஒரு பத்தி பின்னால் உள்ள எல்லாப் பக்கங்களையும் நகர்த்திவிடும். பக்க எண்ணிக்கை உறுதியாகும் முன்பே அட்டையை வரைந்தால், முதுகு அகலம் பொருந்தாமல் மறுபடியும் வரைய வேண்டிவரும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுங்கள்

பழைய பாமினி, டாம், டாப் எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தால் முதலில் முழுவதையும் ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றுங்கள். மாற்றி மென்பொருள்கள் சில இடங்களில் வழக்கமாகவே சறுக்கும். ஔ என்ற ஓரெழுத்து ஒ, ள என இரண்டாகப் பிரிந்து நிற்கும். கால் இருக்க வேண்டிய இடத்தில் ர வந்து உட்காரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தேடினால் சிக்காது, மின்னூலில் அசிங்கமாகத் தெரியும். 'ஒளவை', 'ஒளடதம்' என்று தேடிப் பாருங்கள். சிக்கினால் அவை பிழையான வடிவங்கள்.

2. பிழை திருத்தம்

அட்டைக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்தாவது இதற்குக் கொடுங்கள். அட்டை சுமாராக இருந்தாலும் வாசகர் மன்னிப்பார். பக்கத்துக்கு மூன்று பிழை இருந்தால் கீழே வைத்துவிடுவார். வாணி, நாவி போன்ற இலவசத் திருத்திகளில் ஒருமுறை ஓட்டி எடுங்கள். எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் கணிசமாகக் குறையும். அதன் பிறகு கட்டாயம் ஒரு மனிதர் படிக்க வேண்டும், அவர் நீங்களாக இருக்கக் கூடாது.

கொங்கு வழக்கில் எழுதுபவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒறம்பரையா ஒரம்பரையா, பண்ணயமா பண்ணையமா, வெள்ளகோவிலா வெள்ளக்கோயிலா? எது சரி என்ற விவாதத்தைவிட, முதல் பக்கத்தில் எழுதியதே கடைசிப் பக்கத்திலும் இருப்பதுதான் முக்கியம். இப்படிப்பட்ட சொற்களை ஒரு தாளில் பட்டியலாக எழுதித் திருத்துபவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் உங்கள் வட்டாரச் சொற்களையும் பிழை என்று நினைத்துத் 'திருத்தி' வைத்துவிடுவார்.

பிறருடைய திரைப்பாடல் வரிகள், படங்கள் இருந்தால் இப்போதே அனுமதி கேளுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். உங்கள் எழுத்துக்கான உரிமை எழுதியவுடனேயே உங்களுக்கு வந்துவிடுகிறது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை.

3. அளவும் பக்கக் கணக்கும்

முதல் புத்தகத்துக்கு டெமி 1/8 போதும், அதாவது 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். அச்சகங்களுக்குப் பழகிய அளவு இது, தாள் வீணாகாது. உள் ஓரம் 20 மி.மீ., வெளி ஓரம் 15, மேலே 18, கீழே 20 விடுங்கள். உள் ஓரத்தைக் குறைத்தால் எழுத்து கட்டுக்குள் புதைந்துவிடும். 11 புள்ளி எழுத்தும் 16 புள்ளி வரி இடைவெளியும் வைத்தால் பக்கத்துக்கு 31 வரி வரும். சராசரியாக 180 சொல் கொள்ளும்.

25,000 சொல் இருந்தால் 140 பக்கம். தலைப்பு, உரிமைப் பக்கம், பொருளடக்கம், முன்னுரை சேர்த்தால் 148 ஆகும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாக அச்சிட்டு மடிக்கும் ஒரு தொகுதி. 144 பக்கம் என்றால் 9 ஃபாரம், 160 என்றால் 10. 148-க்கு 9 ஃபாரமும் 4 பக்கமும் வேண்டும். அந்த 4 பக்கத்துக்குத் தனியாக அச்சுத் தகடு, தனி ஓட்டம், தனி மடிப்பு. வரி இடைவெளியை அரைப் புள்ளி குறைத்து 144-க்குள் கொண்டுவாருங்கள். அல்லது படங்களும் சொல்லடைவும் சேர்த்து 160 ஆக்குங்கள்.

பக்கம் கட்ட லிப்ரே ஆபீஸ் ரைட்டரே போதும், இலவசம். இன்டிசைன் மென்பொருளில் கட்டினால் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' தேர்வாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி, இடையில் புள்ளி வட்டம் தெரியும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நல்ல தொடக்கம். உரிமச் சிக்கல் இல்லை.

4. ஐஎஸ்பிஎன்

ஐஎஸ்பிஎன் என்பது நூலுக்கான பன்னாட்டு அடையாள எண். பக்கம் கட்டத் தொடங்கும்போதே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைதான் இந்த எண்ணைக் கொடுக்கிறது. கட்டணம் கிடையாது, எல்லாம் இணையம் வழியே. அடையாளச் சான்று, தலைப்புப் பக்கம், நூல் விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். 'வாங்கித் தருகிறோம்' என்று காசு கேட்பவர்களிடம் போக வேண்டாம். அவர்கள் தங்கள் எண்ணைக் கொடுத்தால், பதிவேட்டில் பதிப்பாளர் அவர்களாகத்தான் இருப்பார்கள். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண் என்பதையும் மறக்க வேண்டாம்.

5. தாளும் கட்டும்

புகளூரில் உள்ள தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலை இருக்கிறது. கொங்கு நாட்டுக்காரர்களான நாம் அச்சுத்தாள் விளையும் பூமியிலேயே இருக்கிறோம். அதனால் எந்த ஆலைத் தாள், எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். உரைநடை நூலுக்கு 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பூச்சில்லாத அச்சுத்தாள்) சரியாக இருக்கும். 60 போட்டால் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும்.

சொன்ன தாளைத்தான் போட்டார்களா என்று எடை போட்டே கண்டுபிடிக்கலாம். 160 பக்க டெமி நூல் 70 ஜிஎஸ்எம் தாளிலும் 300 ஜிஎஸ்எம் அட்டையிலும் ஏறக்குறைய 187 கிராம் இருக்கும். உள்தாள் 60 என்றால் 163 கிராம். பத்துப் புத்தகங்களை மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 1.9 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், 1.6-ல் நின்றால் அச்சகத்தில் பேசுங்கள்.

அடுத்து தாளின் இழையோட்டம். தாளில் நார்கள் ஒரு திசையில் ஓடும். அந்தத் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே போனால் புத்தகம் விறைத்துக்கொண்டு விரியாது. ஈரக்காற்றில் பக்கம் அலையலையாக நெளியும், பசை விட்டுத் தாள் கழன்று வரும். மாதிரித் தாள் ஒன்றை வாங்கி நெடுக்காகவும் குறுக்காகவும் கிழித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அதுதான் இழைத் திசை.

150 பக்கத்துக்குப் பசைக்கட்டு தாங்கும். 300-ஐத் தாண்டினால் ஃபாரம் தையல் (மடித்த ஃபாரங்களை நூலால் தைப்பது) கேளுங்கள்.

6. அச்சுக்கோப்பு

பிடிஎஃப்பில் எழுத்துருக்கள் பொதிந்திருக்க வேண்டும். படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அட்டையில் நாற்புறமும் 3 மி.மீ. வெட்டு ஓரம் (வெட்டும்போது போகும் கூடுதல் பகுதி). உள்பக்க எழுத்துகள் வெறும் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். வேர்டிலிருந்து அப்படியே எடுத்த கோப்பில் கறுப்பு சில சமயம் நான்கு நிறக் கலவையாகிவிடும். அச்சில் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும். முதுகு அகலத்தை ஊகிக்காதீர்கள். 160 பக்க நூல் என்றால் அதே தாளில் 80 இதழ்களை அடுக்கி, அழுத்திப் பிடித்து அளந்து, அந்த அளவை அட்டை வரைபவரிடம் கொடுங்கள். ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஓட்டச் சொல்ல வேண்டாம்.

7. எத்தனை பிரதி, என்ன விலை

100 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு. 500 என்றால் தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட். 300-க்கு இரண்டிலும் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிடுங்கள். யார் யார் வாங்குவார்கள் என்று பெயர் எழுதிப் பார்த்து 60-ஐத் தாண்டவில்லையென்றால் 100 போதும்.

விலை வைக்கும்போது அச்சுக்கூலியை மட்டும் பார்க்காதீர்கள். உதாரணத்துக்கு, 300 பிரதிக்கு அச்சுச் செலவு தலா 65 ரூபாய். திருத்தம், பக்க அமைப்பு, அட்டைக்கு மொத்தம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அது பிரதிக்கு 50; அடக்கம் 115. விலை 200 போட்டுக் கடைக்கு 40 விழுக்காடு கழிவு கொடுத்தால் உங்களுக்கு வருவது 120, மிச்சம் 5 ரூபாய்தான். ஆகவே 240 வையுங்கள், அல்லது நேரடி விற்பனையைக் கூட்டுங்கள்.

8. வந்த பிறகு

வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஆசியக் கழக நூலகம், டெல்லி பொது நூலகம் நான்குக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். இது 1954 நூல் வழங்கல் சட்டம். அஞ்சலில் அனுப்ப, 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவை மலிவு. நூலில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது.

கோவை கொடிசியா புத்தகத் திருவிழா பெரும்பாலும் ஜூலையிலும், மக்கள் சிந்தனைப் பேரவையின் ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டிலும் வரும். இவற்றைக் கணக்கில் வைத்தால் ஜனவரிக்குள் திருத்தம், ஏப்ரலில் பக்கம், மே கடைசியில் அச்சகம். ஒரு நூலுக்காகத் தனி அரங்கு எடுப்பது கட்டாது. அரங்கு போடும் பதிப்பகத்திடம் கழிவு பேசி அடுக்கில் வையுங்கள். எத்தனை கொடுத்தீர்கள் என்பதைக் கையெழுத்து வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்னூலுக்கு, நாமே நூல் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி தளம் தமிழை ஏற்கிறது. இந்திய விற்பனையில் 70 விழுக்காடு உரிமைத்தொகை வேண்டுமென்றால் அதன் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும், இலவசமாகக்கூட, வைக்க முடியாது. அச்சுப் பிரதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மீதிப் பிரதிகளைத் தரையிலும் சுவரோரமும் வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள். கரையானும் ஈரமும் அங்கிருந்துதான் ஏறும். தீர்ந்து மறுபடி அடித்தால், உள்ளடக்கம் மாறாதவரை அது இரண்டாம் அச்சு, பழைய ஐஎஸ்பிஎன்னே செல்லும். இயல்களைச் சேர்த்துத் திருத்தியிருந்தால் அது இரண்டாம் பதிப்பு, புது எண் வாங்க வேண்டும்.